ரெண்டு கரண்டி நண்டுக் குழம்பு

எங்கட வீட்டில நான் அகப்பையைக் கையில எடுத்தாக் காணும், என்ர மனிசன் எழும்பி வாசல் பக்கம் பாப்பார். "இஞ்சேர், மருமகனுக்குப் பரிமாறப் போறியோ? கொஞ்சம் பொறு, ஓட்டோக்காரனுக்கு ஒரு சத்தம் குடுத்துட்டு வாறன்" எண்டுவார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மருமகன் மட்டும், "விடுங்கோ மாமா, பாவம் மாமி" எண்டு எனக்காகக் கதைப்பார். அவர் எனக்காகக் கதைக்கக் கதைக்கத்தான் எனக்கு வெக்கம் கூடும். ஏனெண்டா அது வெறும் பகிடியில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அந்த மருமகனை உண்மையாவே சாகக் குடுக்கப் பாத்தனான். அதுக்கு ரெண்டு கரண்டி நண்டுக் குழம்பு போதுமாயிருந்தது.

முதல்ல நாங்கள் ஆர் எண்டதைச் சொல்லிப்போடுறன். திருகோணமலை டவுனில, கடற்கரையிலயிருந்து நாலு வளவு உள்ளுக்கு எங்கட வீடு. என்ர மனிசன் கடல் தொழில் செய்தவர். இப்ப முழங்கால் ஏலாது. அதால கரையில நிண்டு, வலை இழுக்கிற பெடியளுக்கு எப்பிடி வலை இழுக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கிறதுதான் வேலை. அவங்கள் கேக்கிறேல்லை, இவர் விடுறதுமில்லை. நான் பெட்டையளுக்கு மனையியல் படிப்பிச்சு ஓய்வுபெற்ற ரீச்சர். எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவள் கட்டினது வவுனியாப் பக்கத்து ஆளை. குளத்து மீனைத் தின்னுபோட்டு மீன் சாப்பிட்டனாங்கள் எண்டு சொல்லுற ஊர். அவருக்கு இஞ்ச டவுனில நீர்ப்பாசனக் கந்தோரில வேலை. இந்த உலகத்தில அவரைப் போல மரியாதையான ஆளை நான் காணேல்லை. வாசல்ல ஆடு படுத்திருந்தாலும் அதை எழுப்பமாட்டார், சுத்திக்கொண்டு வருவார்.

என்ர குணம் அப்பிடியில்லை. அதையும் சொல்லத்தானே வேணும். எனக்குக் கோவம் வந்தாக் கத்தமாட்டன். மூஞ்சியை நீட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லிக்கொண்டு திரிவன். "அம்மா, நீங்கள் கத்தினாலே பரவாயில்லை" எண்டு மகள் எத்தினை தரம் அழுதிருக்கிறாள். கலியாணம் முடிஞ்ச புதுசில மருமகன் என்ர பாயாசத்தில பாதியை வைச்சிட்டார் எண்டு மூண்டு ஞாயிற்றுக்கிழமை நான் அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. வயிறு நிரம்பிப்போச்சு எண்டுதான் அந்தப் பாவி மனிசன் சொன்னவர். நான் கேட்டாத்தானே. நாலாவது ஞாயிறு ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சார். அப்பதான் எனக்கு மனம் ஆறினது.

இனி நண்டுக்கு வருவம். கொட்டியாரக் குடாவில பிடிபடுற நண்டு, மூதூர், கிண்ணியாப் பக்கத்திலயிருந்து உயிரோட வரும். அதை உடைச்சுக் கழுவி, வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சி, இறக்கிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை தூவி மூடிவிட வேணும். அந்த இலை வாசத்துக்கு மட்டுமெண்டு நினைக்கக் கூடாது. நண்டு, இறால், சூரை மீன் எல்லாம் கிரந்திச் சாமான். தின்னுபோட்டு உடம்பு சொறிஞ்சாலும் தடிச்சாலும் அதுக்கு எங்கட ஆக்கள் வைச்சிருக்கிற ஒரே பேர் கிரந்தி. முருங்கையிலை அந்தக் கிரந்தியை முறிச்சுப்போடும் எண்டு எங்கட பக்கத்தில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். நானும் நம்பினனான். வந்த கேடெல்லாம் அந்த ஒரு பிடி இலையில நான் வைச்ச நம்பிக்கையாலதான் வந்தது.

எங்கட பக்கம் மருமகனுக்கு நண்டு வைக்காட்டி அவரை மதிக்கேல்லை எண்டுதான் கதை வரும். அதால முதல் தரம் அவர் சாப்பிட வந்த அண்டைக்கு, பெரிய சட்டி நிறைய நண்டு காய்ச்சி மேசைக்கு நடுவில கொண்டுபோய் வைச்சன். மருமகன் கதிரையோட ஒரு சாண் பின்னுக்குப் போனார்.

"மாமி, குறை நினைக்காதேங்கோ. எனக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது. சின்னனில ஒருக்கா முகமெல்லாம் வீங்கி, மூச்செடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை."

"எந்த நண்டு?" எண்டு கேட்டன்.

"நண்டுதான் மாமி."

"அது விளங்குது தம்பி. எங்க வாங்கின நண்டு?"

"வவுனியாச் சந்தையில."

"ம்ம். ஐஸ் நண்டு."

அதோட என்ர விசாரணை முடிஞ்சது. மூண்டு நாள் ஐஸில கிடந்து, பஸ்ஸில குலுங்கி வவுனியாவுக்குப் போன நண்டு ஆருக்குத்தான் ஒத்துக்கொள்ளும்? அவற்ற உடம்பு வேண்டாமெண்டது பழுதாப்போன நண்டைத்தான், அதுக்காக எங்கட குடாவின்ர நண்டைக் குறை சொல்லுறது என்ன நியாயம் எண்டு எனக்குள்ள தீர்ப்பெழுதி வைச்சிட்டன்.

இதில பெரிய வெக்கக்கேடு என்னெண்டா, ஒவ்வாமை எண்ட பாடத்தை நான் வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் படிப்பிச்சனான். 'ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடிய உணவுகள் நான்கு தருக' எண்டு கேட்டு, நண்டு, இறால், முட்டை, நிலக்கடலை எண்டு எழுதாத பெட்டையளுக்குப் புள்ளி வெட்டினனான். ஆனா அது பள்ளிக்கூடத்து ஒவ்வாமை. மணி அடிச்சு வீட்ட வந்து சேலையை மாத்தினாப் பிறகு எனக்குத் தெரிஞ்சது கிரந்தி மட்டும்தான். கிரந்தியெண்டாச் சொறியும், கொத்தமல்லித் தண்ணி குடிச்சா அடங்கும். கிரந்தியில ஒருத்தர் செத்தவர் எண்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. புத்தகத்தில இருந்த சொல்லும் என்ர குசினி அடுப்படியில இருந்த சொல்லும் ஒரே சாமானைத்தான் சொல்லுது எண்டு இவ்வளவு படிச்ச எனக்கு ஓடேல்லை.

மகள் கெட்டிக்காரி. எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மரக்கறி. அதுக்கெண்டு தனிச் சட்டி, தனி அகப்பை, தனித் தேங்காய்த் திருவலை எல்லாம் அலுமாரியில இருக்கும். மீன் பட்ட கை அதில படாது. "அம்மா, இவருக்கு எந்த நாள் சமைச்சாலும் வெள்ளிக்கிழமைச் சட்டியில சமையுங்கோ, போதும்" எண்டாள். நல்ல யோசனைதான். ஆனா அந்தச் சட்டியில மீனுக்கும் இடமில்லை, கோழிக்கும் இடமில்லை. அதால எங்கட வீட்டுக்கு வந்தா அந்த மனிசனுக்கு வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை. நாங்கள் நண்டுக் காலை உறிஞ்ச, அவர் கத்தரிக்காயையும் பருப்பையும் பிசைஞ்சுகொண்டு, "நல்லாயிருக்கு மாமி" எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பாக்க ஏலாது. பாவம் எண்டும் இருக்கும், என்ர கறியை ஒரு வாய் தின்னாமல் ஒரு மருமகனோ எண்டும் இருக்கும்.

அப்பிடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்ர மனிசன் கரைக்குப் போய், கால் அடிக்கிற நண்டு ஏழெட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சினை நண்டும் இருந்தது. காய்ச்சி இறக்கினா வாசம் ரோட்டு முனை மட்டும் போச்சு. பக்கத்து அடுப்பில வெள்ளிக்கிழமைச் சட்டியில மருமகனுக்குப் பருப்பு, முருங்கையிலை போட்டது. ரெண்டு சட்டியையும் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு பக்கம் ராசா, மற்றப் பக்கம் நோயாளி.

நண்டைக் குடுக்கப் போறேல்லையே எண்டு யோசிச்சன். குழம்புதானே. ரெண்டு கரண்டி. அதிலயும் முருங்கையிலை, பருப்பிலயும் முருங்கையிலை. ரெண்டு மடங்கு முறிப்பு. ஒருக்கா ஒத்துக்கொண்டிட்டா, பிறகு பயம் தெளிஞ்சிடும், கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கிவிடலாம். சாப்பிட்டு முடிஞ்சாப் பிறகு, "தம்பி, நீங்கள் இப்ப சாப்பிட்டது நண்டுக் குழம்பு" எண்டு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறதெண்டு திட்டம் வேற. கடவுளே! மகள் முன்னறையில தகப்பனோட கதைச்சுக்கொண்டிருந்தாள். நான் குழம்பை மேலால அள்ளிப் பருப்புக்குள்ள விட்டுக் கலக்கினன்.

நாலு சோத்துக் கோப்பையிலயும் போட்டு வைச்சிட்டு, நான் சாப்பிட இருக்காமல் குசினி வாசல்ல நிண்டன். மருமகன் பருப்பைப் பிசைஞ்சு முதல் வாய் வைச்சார். வைச்சவுடன தாடை நிண்டது. ஒரு மிடறு தண்ணி குடிச்சார். நிமிந்து என்னைப் பாத்தார். நான் அகப்பையும் கையுமா, பரீட்சை மறுமொழி கேக்க வந்தவள் மாதிரி நிண்டுகொண்டிருக்கிறன்.

"எப்பிடித் தம்பி பருப்பு?"

"நல்லாயிருக்கு மாமி."

ரெண்டாவது வாய் வைச்சார். மூண்டாவதும் வைச்சார். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ஐஸ் நண்டுதான் எண்டு நான் சொன்னது சரி எண்டு மனசுக்குள்ள எனக்கே ஒரு சபாஷ் போட்டன்.

என்ர சோறு ஆறேல்லை, அதுக்கிடையில அவர் உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினார். பிறகு கழுத்தை. காது ரெண்டும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்துபோச்சு. "என்ன செய்யுது?" எண்டு மகள் கேட்டாள். "ஒண்டுமில்லை, வெக்கை" எண்டார். குரல் அவற்ற குரலாயில்லை, தொண்டைக்குள்ள ஆரோ துணி அடைச்ச மாதிரி. இருமினார். கீழ் உதடு தடிச்சுக்கொண்டு வந்தது.

மகள் என்ர பக்கம் திரும்பினாள். "அம்மா, பருப்பில ஏதும் போட்டனீங்களோ?"

அந்த இடத்தில ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் கதை வேற. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "நான் என்னத்தைப் போடப்போறன் பிள்ளை? வெள்ளிக்கிழமைச் சட்டி!" எண்டன். சட்டி வெள்ளிக்கிழமைச் சட்டிதான். மகள் அதை நம்பினாள். தாய் சொல்லுறாள், நம்பாமல் என்ன செய்வாள்? "அப்ப வெக்கையாத்தான் இருக்கும்" எண்டாள்.

பிறகு நாங்கள் செய்த வைத்தியம் இருக்கே! என்ர மனிசன், "எழும்பி வெளியில காத்துப் படுற இடத்தில நடவுங்கோ" எண்டு அவரைக் கையில பிடிச்சு எழுப்பினார். நான் ஓடிப்போய்ச் சொறிக்குத் தின்னுற சின்னக் குளிசை ஒண்டு எடுத்துக் குடுத்தன். கொத்தமல்லியை அவிச்சு, அது ஆறமுதல் வாயில பருக்கப் பாத்தன். அரைவாசி நெஞ்சில ஊத்துப்பட்டுது. அவர் ரெண்டு எட்டு வைச்சார், தின்னதைச் சத்தி எடுத்தார், முகம் வெளுத்துப்போச்சு. கால் மடிஞ்சு அப்பிடியே சுவரோட சரிஞ்சு இருந்திட்டார். மூச்சு உள்ளுக்குப் போகேக்க விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண் என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தது.

அதைக் கண்டாப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "நண்டுக் குழம்பு! ரெண்டு கரண்டி விட்டனான்! ஐயோ, நான்தான் விட்டனான்!" எண்டு நெஞ்சில அடிச்சுக்கொண்டு குளறினன். மகள் என்னைப் பாத்த பார்வையை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டன். ரோட்டுக்கு ஓடினாள், முன்வீட்டு ஓட்டோவைக் கூப்பிட.

அம்புலன்ஸுக்கு அடிக்கலாம்தான், ஆனா ஆஸ்பத்திரி கிட்ட. என்ர மனிசனும் ஓட்டோக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சீற்றில சரிச்சு வைச்சினம். தலை மகளின்ர மடியில, கால் என்ர மடியில. மனிசன் முன்னுக்குச் சாரதியோட ஒட்டிக்கொண்டு தொங்கினார். கடற்கரை ரோட்டால திரும்பினா, நடு ரோட்டில மான். எங்கட டவுன் மான்களைத் தெரிஞ்சவைக்குத் தெரியும், அதுகள் ஹோர்னுக்கு அசையாது. ஆறேழு மான் நிண்டு, ஆரோ போட்ட வாழைப்பழத் தோலைச் சாப்பிட்டுக்கொண்டு எங்களைப் பாக்குதுகள். நான் ஓட்டோக்குள்ள இருந்து அதுகளைப் பேசின பேச்சு ஒரு ரீச்சர் பேசுற பேச்சில்லை. என்ர மனிசன் குதிச்சிறங்கி, முழங்கால் ஏலாத மனிசன், கையை விரிச்சுக்கொண்டு மானுகளைக் கலைச்சுக்கொண்டு முன்னால ஓடினார். அண்டைக்கு எனக்கு அழுகையைத் தவிர ஒண்டும் வரேல்லை. இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது.

ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டவர் எண்டு கேட்டவுடன, இந்தத் தரம் ஆரும் முந்தமுதல் நான் சொன்னன். "நண்டு. அவருக்கு அது ஒத்துக்கொள்ளாது எண்டு தெரிஞ்சுகொண்டு நான் குடுத்தனான்." ஒரு டொக்டர் பிள்ளை வந்தாள், ஒரு நிமிஷமும் சுணங்கேல்லை, தொடையில ஒரு ஊசி போட்டாள். படுக்க வைச்சுக் காலை உயர்த்தி, மூக்கில ஒட்சிசன் வைச்சினம். கொஞ்ச நேரத்தில அந்த விசில் சத்தம் குறைஞ்சுது. பிறகு முகத்தில பழைய நிறம் திரும்பி வந்தது. நான் சுவரோட நிலத்தில குந்தினன்.

அந்த டொக்டர் வந்து என்னைத் தூக்கி, ஆக்கள் இருக்கிற வாங்கில இருத்தி, முகத்தைக் குனிஞ்சு பாத்தாள். "ரீச்சர்? மனையியல் ரீச்சர்தானே நீங்கள்?" எண்டாள். எங்கட டவுனில ஆருக்கு முன்னாலயும் நான் நிம்மதியா அவமானப்பட ஏலாது, எல்லாரும் ஏதோ ஒரு வருஷம் என்ர வகுப்பில இருந்திருப்பினம்.

"ஒவ்வாமை தரும் உணவுகள் நாலு சொல்லாட்டி வெளியில நிப்பாட்டுவீங்களே" எண்டாள்.

"நிப்பாட்டினனான் பிள்ளை."

"அப்ப நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. நண்டுச் சதை குடுக்கேல்லை, குழம்பு மட்டும்தான். பிழையோ சரியோ?"

"சரியெண்டு நினைச்சனான்."

"பிழை. ஒரு துளி போதும். அவற்ற உடம்பு நண்டை எதிரியெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கு. எதிரி ஒருத்தன் வந்தாலும் ஒரு படை வந்தாலும் அது ஒரே மாதிரித்தான் குழம்பும். முருங்கையிலை போட்டனீங்களோ?"

"ரெண்டு சட்டியிலயும்."

"எங்கட அம்மாவும் போடுறவ" எண்டு பெருமூச்சு விட்டாள். "முருங்கையிலை நல்ல கீரை ரீச்சர். அவ்வளவுதான். அதுக்கு ஒண்டையும் முறிக்கத் தெரியாது. அவிச்சாலும் பொரிச்சாலும் இந்தக் குணம் நண்டை விட்டுப் போகாது. வீட்டில வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குற விளையாட்டும் வேண்டாம். பிறகு என்ன செய்தனீங்கள்?"

எழுப்பி நடக்க வைச்சதைச் சொன்னன். குளிசையைச் சொன்னன். கொத்தமல்லித் தண்ணியையும் சொன்னன். ஒவ்வொண்டுக்கும் அவள் தலையை ஆட்டி ஆட்டிப் புள்ளி வெட்டினாள். குளிசை சொறியை அடக்கும், தொண்டை அடைக்கிறதையும் ரத்த அழுத்தம் விழுகிறதையும் நிப்பாட்டாது. அதுக்கு அந்த ஊசிதான். குளிசை போட்டிட்டம், பாப்பம் எண்டு இருக்கிற நேரத்தில ஆள் போயிடும். தலை சுத்தி முகம் வெளுத்தா நிலத்தில படுக்க விட்டுக் காலை உயர்த்த வேணும். மூச்செடுக்கக் கஷ்டமெண்டா, சாய்ஞ்சு இருக்க விடலாம், ஆனா எழுப்பி நடத்தக் கூடாது. "வீங்கிக்கொண்டு வாற தொண்டைக்குள்ள நீங்கள் ஊத்தின தண்ணி எங்க போகுமெண்டு நினைச்சனீங்கள் ரீச்சர்?" எண்டாள். சொறியோட மூச்சு இளைச்சாலோ, குரல் மாறினாலோ, சத்தியெடுத்துச் சோர்ந்தாலோ வேற யோசனை ஒண்டும் வேண்டாம், நேர ஆஸ்பத்திரி. அந்த ஊசியைப் பேனை மாதிரிக் கையோட வைச்சிருக்கிறதும் இருக்காம். இஞ்ச எடுக்கிறது கஷ்டம், கிடைச்சாச் சொல்லுறன் எண்டாள். சுகமாயிட்டார் எண்டு கூட்டிக்கொண்டு போகவும் விடேல்லை. சிலபேருக்குச் சில மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் வருமாம், நாளைக்குத்தான் விடுவம் எண்டிட்டாள்.

"எனக்கு எத்தினை புள்ளி பிள்ளை?" எண்டு கேட்டன்.

"கடைசியா உண்மையைச் சொன்னதுக்கு ஒண்டு" எண்டாள். பிறகு என்ர கையைப் பிடிச்சு, "அதை முதலே சொல்லியிருந்தா ஒவ்வொரு நிமிஷமும் மிச்சம் ரீச்சர்" எண்டாள்.

அடுத்த நாள் காலமை பாக்க விடுற நேரம் கஞ்சியோட போனன். மகள் கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில இருந்தாள், என்னோட கதைக்கேல்லை. மூஞ்சியை நீட்டுறது என்ர மகளுக்கு வராமல் ஆருக்கு வரும்? மருமகன் அவளைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். அவள் போனவுடன நான் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கினன்.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்குத் தெரியாமல் விட்டிட்டன். நான் ஒரு விசரி."

"தெரியாமலில்லை மாமி" எண்டார்.

எனக்கு விளங்கேல்லை.

"முதல் வாயிலயே தெரிஞ்சுது. நாக்கு நுனி சொறிஞ்சு கடிச்சுது. சின்னனில கடிச்ச மாதிரியே."

"அப்ப ஏன் துப்பேல்லை? ஏன் தம்பி விழுங்கினீங்கள்?"

அவர் போர்வை நுனியை மடிச்சு மடிச்சு விரிச்சார். "நீங்கள் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தீங்கள். துப்பினா உங்கட மூஞ்சி விழுந்துடும் எண்டு நினைச்சன். பிறகு எத்தினை ஞாயிறு போகுமோ எண்டு…" எண்டார். சொல்லிப்போட்டு, சொன்னது பிழையோ எண்டு பயந்து, "குறை நினைக்காதேங்கோ மாமி" எண்டும் சொன்னார்!

நண்டு அவரைக் கொல்லப் பாத்தது எண்டுதான் அந்த நிமிஷம் மட்டும் நான் நினைச்சிருந்தனான். முதல் வாயைத்தான் நான் குடுத்தனான். மிச்ச ரெண்டு வாயையும் என்ர மூஞ்சிக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை விழுங்கினது. பாதிப் பாயாசத்துக்கு நான் பிடிச்ச கோவம் ஒரு உயிரின்ர விளிம்பு மட்டும் வந்து நிண்டிருக்கு. எனக்கு அழுகை நிண்டுபோச்சு. அழுறதுக்கும் ஒரு தகுதி வேணுமே.

"இஞ்ச பாருங்கோ தம்பி" எண்டன். "இனி என்ர சோத்தில ஏதும் வித்தியாசமெண்டா அந்த இடத்திலயே துப்புங்கோ. ஆர் இருந்தாலும் துப்புங்கோ. என்ர முகத்தைப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"சரி மாமி."

"சரி மாமி எண்டு நீங்கள் சொல்லுறது எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். மகளிட்ட இதைச் சொல்லவேண்டாம் எண்டும் கேட்டார். இவ்வளவு நாளும் சொல்லேல்லை. இதை வாசிச்சா அவளுக்கு இப்ப தெரியும்.

வீட்ட வந்த நாள்தொடக்கம் அவர் வாற நாள்களில நண்டும் இறாலும் எங்கட வாசல் படலைக்குள்ள வாறேல்லை. என்ர மனிசன் நண்டு தின்ன ஆசை வந்தாக் கூட்டாளி வீட்ட போவார், கை வாய் கழுவி, உடுப்பும் மாத்திப்போட்டுத்தான் மருமகனோட வந்து இருக்கலாம். ஆனா அந்தச் சத்தியத்தில எனக்கு நம்பிக்கை வரேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் "நல்லாயிருக்கு மாமி" எண்டு சொல்லச் சொல்ல நான் அவற்ற தாடையையும் உதட்டையும்தான் பாத்துக்கொண்டிருப்பன். உண்மையா நல்லாயிருக்கோ, இல்லாட்டி விழுங்கிறாரோ?

இந்த வருஷம் தைப்பொங்கல் கழிச்சு, என்னோட படிப்பிச்ச ரீச்சர்மார் மூண்டு பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டனான். மூண்டு பேரும் என்னை அக்கா எண்டு கூப்பிடுறவை, மூண்டு பேருக்கும் என்ர மூஞ்சிக்குப் பயம். மகளும் மருமகனும் கொஞ்சம் பிந்தி வந்தினம். எல்லாம் புதுசா வாங்கின வெள்ளிக்கிழமைச் சட்டியில, பத்து விதமான மரக்கறி. நான் பெருமையோட மருமகனுக்குப் பயத்தங்காய்க் கறியைப் போட்டன்.

அவர் ஒரு வாய் வைச்சார். தாடை நிண்டது. பிறகு, மூண்டு ரீச்சர்மாருக்கும் முன்னால, தலையைக் குனிஞ்சு சோத்துக் கோப்பையில துப்பினார்.

நான் என்ன செய்தன் எண்டு எனக்கே பிறகுதான் சொன்னவை. "படுங்கோ! நிலத்தில படுங்கோ! நடக்கக் கூடாது!" எண்டு கத்திக்கொண்டு அவரைப் பிடிச்சுச் சரிச்சு, ரெண்டு காலையும் தூக்கிக் கதிரையில வைச்சிட்டன். "ஓட்டோ! ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!" எண்டதும் என்ர மனிசன் செருப்பையும் போடாமல் ரோட்டுக்கு ஓடினார். மகள் அவற்ற உதட்டைப் பாக்கிறாள், கழுத்தைப் பாக்கிறாள். ரீச்சர்மார் மூண்டு பேரும் எழும்பிச் சுவரோட நிக்கினம்.

நிலத்தில கிடந்துகொண்டு மருமகன் கையை உயர்த்தினார். "மாமி… மாமி… நண்டில்லை."

"அப்ப என்ன? இறாலோ? ஆர் கொண்டுவந்தது?"

"உப்பு" எண்டார். "உப்புக் கூடிப்போச்சு மாமி. தின்ன ஏலாது."

நான் சட்டிக்குள்ள விரலை விட்டு நாக்கில வைச்சுப் பாத்தன். ஐயோ, உப்புக்கடல்! பெருமையில ரெண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறன். திரும்பி மேசையைப் பாத்தன். ரீச்சர்மார் மூண்டு பேரின்ர கோப்பையிலயும் அந்தக் கறி பாதி முடிஞ்சிருந்தது. அதில ஒருத்தி ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவள்.

நான் மருமகனுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவற்ற தலைமயிரைத் தடவிவிட்டு, "வாயில மிச்சம் ஏதும் இருந்தா அதையும் துப்புங்கோ தம்பி" எண்டன்.